640 பவுண்டு போச்சு! பழைய செபப் புத்தகத் தாள் வாங்குறவங்க இதைப் படிங்க

நான் வாங்கின தாள் போலின்னு முந்தாநாள்தான் உறுதியாச்சு. கை இன்னும் நடுங்குது.

ஏலம் விடுற ஒரு இணையதளம், பேர் வேண்டாம். அதுல பழம்பொருள் விக்கிற ஒரு ஆள், 'பிரான்ஸ், ரூவான் நகரம், 1470 வாக்கில் எழுதின செபப் புத்தகத்தின் தாள், கன்றுத்தோல், தங்க வேலைப்பாடு'ன்னு போட்டிருந்தான். விலை 640 பவுண்டு. பார்த்துட்டுப் போயிருப்பேன். ஓரத்துல இருந்த நாலு வரிதான் என்னை நிறுத்துச்சு. பழுப்பு மையில, சாய்ஞ்ச கையெழுத்துல, ஒரு பிள்ளை பிறந்த குறிப்பு. வருஷம் 1561.

அந்தக் காலத்துல அங்கே பல குடும்பங்கள் பிறப்பு, இறப்பையெல்லாம் செபப் புத்தகத்துலதான் எழுதி வைப்பாங்க. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்துல பெட்ஃபர்டு செபநூல் இருக்கு. பெட்ஃபர்டு கோமகனோட மனைவி ஆன், 1430 கிறிஸ்துமஸ் சமயத்துல அதை ஒன்பது வயசு ராஜா ஆறாம் ஹென்றிக்குக் கொடுத்தாங்க. அந்தச் சேதி புத்தகத்துக்குள்ளேயே எழுதியிருக்கு. எனக்கு உசிரே அதுதான், யார் கையில இருந்து யார் கைக்குப் போச்சுங்கிறது. தங்கமெல்லாம் அப்புறம்.

அது அந்த ஆளுக்குப் புரிஞ்சுபோச்சு. முன்னாடி யார் யார்கிட்ட இருந்துச்சுன்னு கேட்டேன், அன்னைக்கே பட்டியல் அனுப்பினான். ஒரு நார்மண்டிக் குடும்பம், ஒரு கன்னியர் மடம், பிரெஞ்சுப் புரட்சியில மடத்துச் சொத்து பறிபோனது, அப்புறம் ஒரு சேகரிப்பாளர். புத்தகத்தை ஏன் பிரிச்சாங்கன்னு கேட்டதுக்கு, கிளீவ்ஸ் கேத்தரின்ங்கிற அந்தக் காலத்துச் சீமாட்டியோட செபநூலையே 19ஆம் நூற்றாண்டுல ரெண்டாப் பிரிச்சுட்டாங்கன்னான். அது உண்மை. ரெண்டு பாதியும் இப்ப நியூயார்க் மார்கன் நூலகத்துல இருக்கு. இவ்வளவு தெரிஞ்சவன் ஏமாத்த மாட்டான்னு நம்பி, அந்த ராத்திரியே 640 பவுண்டையும் அனுப்பிட்டேன்.

கை படக்கூடாதுன்னு சொல்லி உறைக்குள்ள வச்சு ஒட்டி அனுப்பியிருந்தான். நானும் பிரிக்கலை. ஃபிரேம் போடக் கொடுத்த கடைக்காரர்தான் பிரிச்சு, லென்ஸ் வச்சுப் பார்த்துட்டு என்னைக் கூப்பிட்டார். தோல் இல்லை, தடிச்ச காகிதம். தங்கம் துளியும் புடைப்பா இல்லை. பூ, இலை எல்லாம் நீலம், ரோஸ், மஞ்சள்னு பொடிப்பொடிப் புள்ளி. அச்சு! அந்தப் பிள்ளை பிறந்த குறிப்பும் புள்ளிதான். வயிறு எரிஞ்சுது.

கேட்டா, 'வெளிச்சம் பத்தாம பார்த்திருப்பீங்க'ங்கிறான். அப்புறம் 'தளத்துகிட்ட பேசுங்க'. தளமோ 'விற்றவர்கிட்ட பேசுங்க, திருப்பித் தர 14 நாள்தான், மூணு நாள் தாண்டிடுச்சு'ங்குது. நேத்து போய்ப் பார்த்தா விளம்பரத்துல 'இடைக்காலப் பாணியில்'னு புதுசா சேர்த்திருக்கான். பழைய விளம்பரத்தை நான் ஸ்கிரீன்ஷாட் எடுக்கலை. 640 பவுண்டு, நாலு மாசம் சேர்த்த காசு.

எனக்கு இப்ப சொல்லத் தோணுறது இவ்வளவுதான். பட்டியல்ல 'ஒரு குடும்பம், ஒரு மடம்'னு மட்டும் இருந்தா வாங்காதீங்க, பேரும் ஏலம் போன வருஷமும் கேளுங்க. வந்த அன்னைக்கே உறையைப் பிரிச்சு லென்ஸ்ல பாருங்க. விளம்பரத்தை முதல்லயே படம் பிடிச்சு வைங்க. கிரெடிட் கார்டுல கட்டியிருந்தா உடனே பேங்குக்கு போன் போடுங்க. நான் கணக்குல இருந்து நேரா அனுப்பிட்டேன்.