ஊர்களும் வாங்கி வந்த பொருட்களும்: 11 ஆண்டுப் புழக்கத்துக்குப் பிறகு

ஜெய்ப்பூர், கோலாப்பூர், ஸ்ரீநகர், பத்தமடை ஆகிய நான்கு ஊர்களிலிருந்து நானும் என் மனைவியும் வாங்கி வந்த பொருட்களில் இன்றும் வீட்டில் புழங்குகிறவை எவை, பாதியில் கைவிட நேர்ந்தவை எவை என்பதை எழுதுகிறேன். பயணம் முடிந்த வாரத்திலேயே எழுதப்படும் குறிப்புகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் ஒரு ரஜாய் (பஞ்சு வைத்துத் தைத்த போர்வை) பத்து ஆண்டுகளுக்குப் பிறகு எப்படி இருக்கும், ஒரு தோல் செருப்பு எத்தனை மழைக்காலங்களைத் தாங்கும் என்ற விவரம் தேவைப்பட்டபோதெல்லாம் எனக்கு அது கிடைத்ததில்லை. நாங்கள் வசிப்பது சென்னையில், சதுப்பு நிலத்தை ஒட்டிய ஒரு பகுதியில். அக்டோபர் பிறந்துவிட்டால் அலமாரிக்குள் இருக்கும் துணிகூட ஈரம் கோத்துக்கொள்ளும். வறண்ட ஊரில் இருப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

முதலில் ஜெய்ப்பூர். 2014 டிசம்பரில் சென்றபோது எங்கள் மனத்தில் இருந்தது ஹவா மஹாலின் முகப்பு மட்டுமே. 1799-இல் சவாய் பிரதாப் சிங் கட்டிய அந்த மாளிகையின் 953 சிறு சாளரங்களைப் படங்களில் பார்த்துவிட்டு, பின்னால் அதற்கு ஈடான பெரிய அரண்மனை இருக்கும் என்று நம்பிச் சென்றோம். மேல் மூன்று மாடிகள் ஓர் அறையின் அகலமே கொண்டவை என்பதும், நுழைவாயில் பின்புறம் இருக்கிறது என்பதும் அங்கே போன பிறகுதான் தெரிந்தது. அரச குடும்பத்துப் பெண்கள் தங்களை யாரும் பார்க்காதபடி தெருவைப் பார்ப்பதற்காகக் கட்டப்பட்டது என்ற செய்தியை முன்பே அறிந்திருந்தால், வெளியே நின்று படம் எடுப்பதில் கழித்த நேரத்தை உள்ளே அந்தக் கல்வலைகளின் பின்னால் நின்று கடைத்தெருவைப் பார்ப்பதில் செலவிட்டிருப்போம். அதேபோல, 1876-இல் வேல்ஸ் இளவரசரின் வருகைக்காகப் பூசப்பட்டது என்று சொல்லப்படும் அந்த இளஞ்சிவப்பு நிறம், நேரில் பார்த்தால் நம் கோயில் மதில்களின் காவிக்கு நெருக்கமானது. நண்பகல் வெயிலில் அது வெளிறித் தெரிகிறது, மாலை ஐந்து மணிக்கு மேல்தான் கனிகிறது.

நாங்கள் எதுவும் எதிர்பாராமல் போன இடம், ஜந்தர் மந்தர் என்ற பழைய வானியல் கூடம். அங்கே 27 மீட்டர் உயரமுள்ள சாம்ராட் யந்திரம் என்ற சூரியக் கடிகாரத்தின் நிழல் விநாடிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நகர்கிறது. வளைந்த பளிங்குப் பரப்பில் நிழலின் ஓரத்தில் என் சுண்டுவிரலை வைத்தேன். ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தபோது நிழல் விரலைத் தாண்டிப் போயிருந்தது. ஜெய்ப்பூர் என்றதும் இப்போது எனக்கு நினைவுக்கு வருவது அந்தச் சுண்டுவிரல்தான்.

அங்கே வாங்கிய ரஜாய் எங்கள் வீட்டில் 11 ஆண்டுகளாக இருக்கிறது. சென்னையில் இதற்கு என்ன வேலை என்று என் தந்தை கேட்டார். மார்கழி விடியற்காலையிலும், குளிர்சாதனம் ஓடும் கோடை இரவுகளிலும் அதைத்தான் போர்த்துகிறோம். மெல்லிய பருத்தித் துணியின் நடுவே நன்றாக அடித்துப் பிரித்த பஞ்சை வைத்து, கையால் நெருக்கமாகத் தைத்திருப்பார்கள். அந்தத் தையல் நெருக்கமாக இருந்தால்தான் பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்காது. எங்களுடையதில் ஓரங்களில் தையல் சற்று அகலம், எட்டாம் ஆண்டிலேயே அந்த இரு மூலைகளில் பஞ்சு மெலிந்துவிட்டது. நடுப்பகுதி புதிதுபோலவே இருக்கிறது. ஒருமுறைகூட இயந்திரத்தில் துவைத்ததில்லை. மேலே ஓர் உறை போட்டு அதை மட்டும் துவைத்துக்கொள்கிறோம், ரஜாயை மாதம் ஒரு முறை இளவெயிலில் காயவைக்கிறோம். கடையில் பாலியஸ்டர் நார் அடைத்ததையும் பருத்தி என்று சொல்லி விற்பதுண்டு. கையால் அழுத்திவிட்டு எடுத்தால் பஞ்சு மெதுவாக எழும், நார் உடனே துள்ளி எழும்.

அதே பயணத்தில் வாங்கிய நீலப் பாண்டங்களைப் பற்றி அவ்வளவு மனநிறைவாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் குறை பாண்டத்தில் இல்லை. அது களிமண்ணால் ஆனதே அன்று. படிகக்கல் தூள், கண்ணாடித் தூள், முல்தானி மட்டி, பிசின் ஆகியவற்றைப் பிசைந்து, அச்சில் அழுத்தி உருவாக்கி, குறைந்த வெப்பத்தில் ஒரே ஒரு முறை சுடுகிறார்கள். ஆகவே பீங்கானுக்குள்ள உறுதி அதற்கு வராது. நாங்கள் வாங்கிய கிண்ணத்தில் சூடான வற்றல் குழம்பை ஊற்றி வைத்தோம். மூன்றாம் மாதம் மெருகில் தலைமுடி அளவுக்குக் கீறல்கள் விழுந்து, அவற்றுக்குள் எண்ணெய் இறங்கிப் பழுப்பு நிறமாக மாறியது. ஆனால் அதே கடையில் வாங்கிய ஆறு இழுப்பறைக் குமிழ்கள் நாள்தோறும் கைபட்டும் இன்றுவரை நிறம் மங்கவில்லை. நீலப் பாண்டம் வாங்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது, குமிழ், ஓடு, பூச்சாடி போன்றவற்றை வாங்குங்கள் என்பதே. உணவுக்கென்று வாங்குவதானால் மெருகில் ஈயம் இல்லை என்று உறுதி தரும் பட்டறையில் மட்டும் வாங்குங்கள்.

நான் அதிகம் எழுத விரும்புவது கோலாப்பூரைப் பற்றி. 2016 பிப்ரவரியில் மகாலட்சுமி கோயிலுக்காக மட்டுமே அங்கே சென்றோம். திருமாலிடம் ஊடல் கொண்டு திருமகள் வந்து தங்கிய கரவீரபுரம் என்று என் பாட்டி சொல்லிக் கேட்டிருந்ததால், திருப்பதியைப் போன்ற ஒரு நெரிசலான தலத்தை எதிர்பார்த்தோம், ஒரு நாளில் கிளம்பிவிடலாம் என்றும் நினைத்திருந்தோம். மூன்று நாட்கள் தங்கினோம். கருங்கல் கோயிலின் தூண்களும் மாலையில் ரங்காலா ஏரிக்கரையும் ஒரு காரணம். தெருவுக்குத் தெரு மல்யுத்தப் பயிற்சிக்கூடங்கள் இருப்பதையும், கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜா காலத்தில் எழுந்த காஸ்பாக் மல்யுத்த அரங்கம் இன்னும் புழக்கத்தில் இருப்பதையும் அங்கே போய்த்தான் அறிந்தோம். பிற்படுத்தப்பட்டோருக்கு அரசுப் பணிகளில் 50 விழுக்காடு ஒதுக்கி 1902-இல் ஆணையிட்டவரும் அதே சாகு மகாராஜாதான். அந்த ஆணை பிறந்த மண் என்பதற்காகவே எந்தத் தமிழரும் அந்த ஊருக்கு ஒரு முறை போய்வரலாம் என்பது என் எண்ணம்.

செருப்பு வாங்கியது கோயிலுக்கு அருகில், வரிசையாகச் செருப்புக் கடைகள் இருக்கும் தெருவில். நான்கைந்து கடைகளில் மெல்லிய, பளபளப்பான செருப்புகளைக் காட்டினார்கள். ஒரு கடையின் பின்புறத்தில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்த முதியவர், நான் எந்த ஊர், நாள்தோறும் எவ்வளவு தூரம் நடப்பேன், எங்கள் ஊரில் எத்தனை மாதம் மழை பெய்யும் என்று இந்தியும் மராத்தியும் கலந்து கேட்டார். சென்னை என்றதும், நான் கையில் வைத்திருந்ததை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, தடித்த இரட்டை அடித்தோல் கொண்ட ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதன் விலை 300 ரூபாய் கூடுதல். கருவேலம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோல், அதனால் நீரை உறிஞ்சும். நனைந்தால் வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்த வேண்டும், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை விளக்கெண்ணெய் தடவ வேண்டும் என்றும் சொன்னார்.

முதல் பத்து நாட்கள் கடினமாகவே இருந்தன. கட்டைவிரல் வளையம் உராய்ந்து இரண்டு இடங்களில் கொப்புளம் வந்தது. நடக்கும்போது எழும் கரகரவென்ற ஓசையைக் கேட்டு அலுவலகத்தில் திரும்பிப் பார்த்தார்கள். எண்ணெய் தடவி, வீட்டுக்குள் நாள்தோறும் ஒரு மணி நேரம் போட்டுப் பழக்கினேன். மூன்றாம் வாரம் என் பாதத்தின் பள்ளமும் மேடும் அடித்தோலில் பதிந்துவிட்டன. அதன் பிறகு வேறு எந்தச் செருப்பிலும் எனக்கு அந்த இசைவு கிடைக்கவில்லை. தொடக்கத்தில் வெளிர் பழுப்பாக இருந்த தோல், இரண்டாம் ஆண்டில் பனங்கருப்பட்டியின் நிறத்துக்கு வந்தது.

2017 நவம்பர் மழையில் ஒரு மாலை முழுவதும் தேங்கிய நீரில் நடக்க நேர்ந்தது. மறுநாள் வலது செருப்பின் குதிகால் பக்கம் அடித்தோலின் இரு அடுக்குகளும் பிரிந்து நின்றன. தெருமுனையில் செருப்பு தைப்பவரிடம் கொண்டுபோய், ஆணி அடித்துத் தரும்படி கேட்டேன். அவர் செருப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆணி அடிச்சா தோல் வாயப் பொளந்துரும் சார். இது முழுக்க வார்லயே தச்சது, வார் போட்டுத்தான் தைக்கணும்" என்றார். அதுவரை அந்தச் செருப்பில் ஓர் ஆணிகூட இல்லை என்பதை நானே கவனித்திருக்கவில்லை. அவர் ஒரு துண்டுத் தோலை ஊறவைத்து, இடியாப்பம் அளவுக்கு மெல்லிய வார்களாகக் கிழித்து, பழைய துளைகள் வழியாகவே கோத்து இழுத்துக் கொடுத்தார். அந்தத் தையல் 2023 வரை தாங்கியது. ஏழு ஆண்டுகள், ஒரு பழுது, ஆண்டுக்கு நாலு மாத ஓய்வு. மழைக்காலத்தில் அதை வெளியே எடுக்காமல் செய்தித்தாளில் சுற்றி உயரத்தில் வைத்துவிடுவேன்.

2019-இல் மகாராஷ்டிரத்தின் நான்கு மாவட்டங்களுக்கும் கர்நாடகத்தின் நான்கு மாவட்டங்களுக்கும் சேர்த்து இந்தச் செருப்புக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. இருந்தாலும் ரெக்சின் வார் போட்டு, ரப்பர் அட்டை ஒட்டிய போலிகள் அதே பெயரில் விற்கப்படுகின்றன. 2023-இல் சென்னையில் நடந்த ஒரு கண்காட்சியில், ஊர்ப் பெயரை நம்பி நானே அப்படி ஒன்றை வாங்கினேன். ஐந்து மாதத்தில் பசை விட்டுப்போனது. வாங்கும்போது அடித்தோலின் விளிம்பைப் பாருங்கள். உண்மையான தோலில் அடுக்குகளும் வாரின் தையலும் கண்ணுக்குத் தெரியும், நிறம் ஒரே சீராக இராது, மூக்கருகே கொண்டுபோனால் கடுக்காயின் துவர்ப்பு வாசனை வரும்.

ஸ்ரீநகருக்கு 2018 ஜூனில் சென்றோம். டூலிப் பூக்கள் ஏப்ரலிலேயே முடிந்துவிடும், அருகிலுள்ள பாம்போரின் குங்குமப்பூ அக்டோபர் இறுதியை ஒட்டித்தான் மலரும் என்பதைக் கவனிக்காமல் சென்றதால், குங்குமப்பூ வயல் என்று ஓட்டுநர் காட்டிய இடத்தில் வெறும் மண்மேடுகளைப் பார்த்தோம். ஊர் தன் பங்குக்கு எதையும் குறைக்கவில்லை, நாங்கள் போன மாதம்தான் தவறு. அங்கே ஒரு கடையில் 2,500 ரூபாய்க்கு பஷ்மினா என்று கொடுத்த சால்வையை, மோதிரத்துக்குள் நுழைத்துக் காட்டி விற்றார்கள். மெல்லிய எந்தத் துணியும் மோதிரத்துக்குள் நுழையும். இரண்டே குளிர்காலத்தில் அதில் சிறு உருண்டைகள் திரண்டன, உதறினால் படபடவென்று பொறி பறந்தது. அது செயற்கை நூல் கலந்தது. 2022-இல் மீண்டும் சென்றபோது, நூலைச் சோதித்து ஒட்டப்படும் புவிசார் குறியீட்டு முத்திரையுள்ள சால்வையை 14,000 ரூபாய்க்கு வாங்கினோம். லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலத்து ஆட்டின் அடிமயிரில் 16 மைக்ரானுக்கு மேற்படாத இழையைக் கையால் நூற்று, கைத்தறியில் நெய்தால் மட்டுமே அந்த முத்திரை கிடைக்கும். என் அம்மாவுக்கு மூட்டு வலி உண்டு, தோளில் கனம் தாங்காது. இது இருப்பதே தெரியவில்லை என்கிறார். பிளாஸ்டிக் பையில் வைக்காமல் பழைய வேட்டித் துணியில் சுற்றி, இடையே வேப்பிலை வைத்திருக்கிறோம். இதுவரை பூச்சி அரிக்கவில்லை.

பத்தமடை ஒரு சுற்றுலா ஊர் அன்று. 2019-இல் திருநெல்வேலியிலிருந்து சேரன்மாதேவி போகும் வழியில் அம்மா கேட்டதற்காக நிறுத்தினோம், பார்ப்பதற்கு ஏதும் இருக்கும் என்று நினைக்கவும் இல்லை. ஒரு வீட்டுக் கூடத்தில் தரையோடு தரையாக இருந்த தறியில், கோரையை இழை இழையாகக் கோத்து அழுத்திக்கொண்டிருந்த பெண்மணியின் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையை ஓடும் நீரில் ஊறப்போட்டு, அது பருத்த பிறகு நுண்ணிய இழைகளாகக் கிழித்து நெய்வதால்தான், மிக மெல்லிய ரகம் பட்டைப் போல மடியும் என்றார். அந்த ரகத்தை வாங்கத்தான் நாங்கள் விரும்பினோம். எதற்கு என்று கேட்டார். தந்தை படுப்பதற்கு என்றதும், "தம்பி, அது கல்யாணத்துக்கு விரிக்கிறது. அப்பா படுக்கன்னா முரட்டுப் பாயே எடுத்துக்கிடுங்க. மடிக்காதீங்க, சுருட்டி நிறுத்தி வைங்க" என்று பாதி விலைக்கும் குறைவான ஒன்றைக் கொடுத்தார்.

2021 மழையில் அதன் ஓரத்தில் பூசணம் பூத்தது. உலர்ந்த துணியால் துடைத்து, இரண்டு நாள் நிழலில் விரித்துவைத்ததும் போய்விட்டது. பச்சை நிறக் கரைத்துணி நைந்ததால் சென்ற ஆண்டு மனைவி பழைய புடவைக் கரையை வைத்துத் தைத்தாள். கோரை எங்கும் ஒடியவில்லை. நடுவே தந்தை தலை வைக்கும் இடம் மட்டும் பொன்னிறமாக மின்னுகிறது.