சைக்கிளுக்கு 48 வோல்ட் பேக்: என்எம்சியா, எல்எஃப்பியா?

சைக்கிளில் ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் மோட்டார்) மாட்டுவது அரை நாள் வேலை. தலைவலியெல்லாம் பேட்டரியில்தான். '48 வோல்ட்' என்று ஒரே பெயரில் விற்கிற பேக்குகளுக்குள் இரண்டு வகை லித்தியம் செல்கள் இருக்கின்றன: நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் சேர்ந்த என்எம்சி; இரும்பு பாஸ்பேட்டான எல்எஃப்பி. சொந்தமாகக் கட்ட நினைப்பவர் முதலில் இதைத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எடையில் என்எம்சியை அடித்துக்கொள்ள ஆளில்லை. 3500 மில்லி ஆம்பியர் மணி 18650 செல்களை (சிறிய உருளை செல்கள்) 13 தொடர், 4 இணை என்று, அதாவது நாலு நாலாகப் பக்கவாட்டில் சேர்த்த 13 கூட்டங்களை வரிசையாக இணைத்து அடுக்கினால் 52 செல். செல் எடை மட்டும் சுமார் 2.6 கிலோ, கிடைப்பது 650 வாட் மணி. எல்எஃப்பியில் 6 ஆம்பியர் மணி 32700 செல்களை (இன்னும் பருத்த உருளைகள்) 16 தொடர், 2 இணை என்று வைத்தால் 32 செல் போதும். ஆனால் எடை நாலரை கிலோவைத் தாண்டும், சக்தியோ 614 வாட் மணிதான். பேக்கைக் கழற்றி மூன்றாவது மாடிக்குத் தூக்கிப் போகிறவருக்கு இந்த இரண்டு கிலோ தினமும் தெரியும். கேரியரிலேயே பூட்டி வைப்பவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

ஆயுளில் கதை தலைகீழ். என்எம்சி பொதுவாக 500 முதல் 1000 சுற்று (ஒரு முறை ஏற்றி இறக்குவது ஒரு சுற்று), எல்எஃப்பி 2000 சுற்றும் அதற்கு மேலும்.

கட்டும்போது கவனிக்க வேண்டியது 18650 செல்லின் தலை. நடுவில் பாசிட்டிவ் பொட்டு, அதைச் சுற்றியுள்ள விளிம்பு நெகட்டிவ். இரண்டுக்கும் நடுவே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி, விளிம்பின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் உறை, அவ்வளவுதான். மேலே போகும் நிக்கல் பட்டை குலுக்கலில் அந்த உறையை அறுத்தால் நேரே ஷார்ட். அதனால் ஒவ்வொரு செல்லுக்கும் காகித வளையம் ஒட்டியே ஆக வேண்டும். 52 செல்லுக்கும் ஒட்டுவது சலிப்பான வேலை, அவசரக்காரர்கள் இதைத்தான் விட்டுவிடுவார்கள். பட்டையிலும் பித்தலாட்டம் உண்டு. நிக்கல் என்று சொல்லி முலாம் பூசிய இரும்பைத் தருவார்கள். அரத்தால் சுரண்டி உப்புத் தண்ணீரில் ஒரு ராத்திரி போட்டு வைத்தால் குட்டு வெளிப்படும்: இரும்பு துருவேறும், நிக்கல் அப்படியே இருக்கும். இதெல்லாம் எல்எஃப்பிக்கும் பொருந்தும், ஆனால் இணைப்புகள் குறைவு என்பதால் தப்பு நேரவும் வாய்ப்பு குறைவு. எதுவானாலும் ஸ்பாட் வெல்டிங்தான். செல்லின் மேல் நேரடியாகச் சால்டரிங் வைக்காதீர்கள்.

தப்பு நடந்தால் என்ன ஆகும்? என்எம்சி அதிகம் சூடேறும்போது உள்ளேயிருந்தே ஆக்சிஜன் வெளியாகும், அதனால் மூடி அணைக்க முடியாது. எல்எஃப்பியில் பாஸ்பேட் ஆக்சிஜனை இறுகப் பிடித்திருக்கும். தீப்பிடிக்கவே பிடிக்காது என்பதில்லை, ஆனால் அவ்வளவு சுலபத்தில் வெறிபிடிக்காது. 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் சார்ஜில் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் எரிந்து தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். வீட்டுக்குள்தான் சார்ஜ் போட இடம் என்றால், நான் எடையைப் பார்க்காமல் எல்எஃப்பி பக்கம்தான் நிற்பேன்.

ஆனால் எல்எஃப்பிக்கும் ஒரு சள்ளை உண்டு. முக்கால்வாசி நேரம் செல்லின் வோல்ட்டேஜ் 3.2, 3.3 என்று ஒரே இடத்தில் நிற்கும். வோல்ட் மீட்டரைப் பார்த்து பாதி இருக்கிறதா, கால்தானா என்று சொல்ல முடியாது. திடீரென்று சரிந்து பிஎம்எஸ் (செல்களைக் காக்கும் மின்சுற்றுப் பலகை) கட் ஆகும், அப்புறம் மிதிக்க வேண்டியதுதான். ஆம்பியர் மணியை எண்ணிக்காட்டும் மீட்டர் போட்டால் தீர்ந்தது. செல்களின் வோல்ட்டேஜ் ஒன்றுக்கொன்று சமமாவதும் முழு சார்ஜுக்குப் பக்கத்தில்தான், ஆகவே அவ்வப்போது முழுதாக ஏற்ற வேண்டும். என்எம்சி நேர்மாறு: செல்லுக்கு 4.2க்குப் பதில் 4.1 வோல்ட்டில், அதாவது பேக்குக்கு 53.3 வோல்ட்டில் நிறுத்தினால் தூரம் கொஞ்சம் குறையும், ஆயுள் நன்றாகவே கூடும்.

இரண்டுக்கும் பொதுவானது வெயில். பெரும்பாலான செல்களை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. சித்திரை வெயிலில் நின்ற வண்டியின் பெட்டிக்குள் அந்தச் சூடு சாதாரணம். வந்ததும் செருகாமல் ஒரு மணி நேரம் ஆற விடுங்கள்.

சார்ஜரை மட்டும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். 13 தொடர் என்எம்சிக்கு 54.6 வோல்ட், 16 தொடர் எல்எஃப்பிக்கு 58.4. இரண்டும் பார்க்க ஒரே கறுப்பு டப்பா. எல்எஃப்பி சார்ஜரை என்எம்சி பேக்கில் செருகினால் செல்லுக்கு 4.49 வோல்ட் வரை போகப் பார்க்கும், தடுக்க இருப்பது பிஎம்எஸ் ஒன்றுதான். வீட்டில் இரண்டு வகையும் இருந்தால் இரண்டுக்கும் வேறு வேறு பின் வைத்துவிடுங்கள்.