ஏரிப் படகு மோட்டாருக்கு எந்த பேட்டரி? ட்யூபுலரும் லித்தியமும் ஓட்டிப் பார்த்த அனுபவம்

ஹோஸ்கோட்டே பக்கம் என் மச்சான் ஓர் ஏரியை மீன்பிடி குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார். கட்லா, ரோகு வளர்ப்பு. நான் இருப்பது பெங்களூரு லிங்கராஜபுரத்தில். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பெரும்பாலும் ஏரிக்கரையில்தான் இருப்பேன். அங்கே ஒரு பன்னிரண்டு அடி ஃபைபர் படகு. பின்னால் 55 பவுண்டு உந்துவிசை உள்ள எலெக்ட்ரிக் மோட்டார். தீவனம் போட, வலை பார்க்க, ராத்திரி ஒரு சுற்று போய்வர எல்லாவற்றுக்கும் அதுதான். மோட்டார் இன்றுவரை மாறவில்லை. பேட்டரி மட்டும் முதலில் வீட்டு இன்வர்ட்டருக்குப் போடுகிற ட்யூபுலர் என்ற ஆசிட் பேட்டரி, அப்புறம் லித்தியம். இரண்டையும் வருஷக்கணக்கில் ஓட்டியாகிவிட்டது.

கார் பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். அது எஞ்சினைக் கிளப்ப நாலைந்து விநாடி பெரிய கரண்ட் கொடுப்பதற்காக மெல்லிய பிளேட்டுகளோடு செய்தது. அதை மணிக்கணக்கில் ஓட்டி அடிவரை வடித்தால் சில மாதங்களில் படுத்துவிடும். பழைய கார் பேட்டரி வீட்டில் சும்மாதானே கிடக்கிறது என்று யாராவது சொன்னால், சும்மாவே கிடக்கட்டும்.

ட்யூபுலர் அப்படி இல்லை. ஆழமாக வடித்து மறுபடி ஏற்றுவதற்கென்றே செய்தது. எங்களிடம் இருந்தது 12 வோல்ட், 150 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி, அதாவது கொள்ளளவு). உழைப்பில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 150 என்ற எண்ணை அப்படியே நம்பிக் கணக்குப் போடக் கூடாது. இன்வர்ட்டர் பேட்டரி லேபிளில் சி20 என்று சின்னதாக அச்சடித்திருப்பார்கள். 20 மணி நேரம் மெதுவாக எடுத்தால், அதாவது ஏழரை ஆம்பியர் வீதம் எடுத்தால்தான் 150 கிடைக்கும் என்று அர்த்தம். படகு மோட்டார் ஏழரை ஆம்பியரில் ஓடாது. வேகமாக எடுக்க எடுக்க ஆசிட் பேட்டரியின் கொள்ளளவு சுருங்கும். ஜெர்மன்காரர் பாய்க்கர்ட் 1897-லேயே இதற்குச் சூத்திரம் எழுதி வைத்துவிட்டார்.

எங்கள் மோட்டார் எவ்வளவு குடிக்கிறது என்று கிளாம்ப் மீட்டர் போட்டுப் பார்த்தேன். (மலிவு கிளாம்ப் மீட்டர் பல ஏ.சி. கரண்டை மட்டும்தான் காட்டும். டி.சி. ஆம்பியர் காட்டுமா என்று கேட்டு வாங்குங்கள்.) மூன்றாம் வேகத்தில் 25 ஆம்பியர் பக்கம். ஐந்தாம் வேகத்தில் 48. கரண்ட் ஏறக்குறைய இரட்டிப்பு, ஆனால் படகு ஓடுகிற வேகம் கொஞ்சம்தான் கூடுகிறது. தண்ணீரில் இதுதான் சிக்கல்: வேகம் இரண்டு மடங்கு வேண்டுமென்றால் சக்தி கிட்டத்தட்ட எட்டு மடங்கு வேண்டும். அதனால் மச்சானின் வேலையாள் எப்போதும் மூன்றிலேயே ஓட்டுகிறான். மழை இருட்டிக்கொண்டு வந்தால்தான் ஐந்து.

இந்த 25 ஆம்பியரை வைத்துக் கணக்குப் போட்டால் படம் மாறுகிறது. 150 ஏ.ஹெச். ட்யூபுலர் அந்த வேகத்தில் 110 பக்கம் இறங்கிவிடும். ஆயுள் கெடாமல் இருக்க அதிலும் பாதியோடு நிறுத்த வேண்டும். கையில் மிஞ்சுவது இரண்டு மணி நேரம், மிஞ்சிப் போனால் இரண்டே கால். 100 ஏ.ஹெச். லித்தியம் அயர்ன் (இரும்பு) பாஸ்பேட் பேட்டரியோ, எங்களிடம் இருக்கிற வகை, 25 ஆம்பியரில் எடுத்தாலும் கிட்டத்தட்ட முழுசையும் கொடுக்கும். 90 சதவீதம் வரை தாராளமாக வடிக்கலாம். அது மூன்றரை மணி நேரம். சின்ன எண் போட்ட பேட்டரி அதிக நேரம் ஓடுகிறது. கடைக்காரரிடம் இதைச் சொன்னபோது, "சார், நூறு எப்படி சார் நூத்தம்பதைவிட ஜாஸ்தி ஓடும்?" என்று சிரித்தார். பேட்டரி விற்கிறவரே அப்படி.

சரி, எடைக்கு வருகிறேன். ஆசிட் நிரப்பிய 150 ஏ.ஹெச். ட்யூபுலர் 50 கிலோவுக்கு மேல். கரையில் சார்ஜ் போடுகிற கொட்டகையிலிருந்து தண்ணீர் வரை ஏறக்குறைய நாற்பது அடி, அதிலும் கற்படி இறக்கம். தினமும் காலையில் இரண்டு பேர் கயிறு கட்டித் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். ஒரு மூட்டை நெல்லைத் தூக்குகிற ஆள்கூட, ஆசிட் சாயக் கூடாதே என்று இதை நேராகப் பிடித்து நடப்பதற்குள் இடுப்பு விட்டுப் போகும். படகு ஆடும்போது மூடி ஓரத்தில் கசிந்த ஆசிட் தீவன மூட்டையில் பட்டு, சாக்கு இழை இழையாகப் பிரிந்து தவிடு கொட்டும். வேலையாளின் கால்சட்டை முழங்காலில் சல்லடை மாதிரி பொட்டுப் பொட்டாக ஓட்டை. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுகிற வேலை வேறு.

லித்தியம் 11 கிலோ. வேலையாள் ஒரு கையில் எடுத்துப்போகிறான். "மாப்ள, மைலேஜ் கணக்கெல்லாம் நீ வச்சுக்கோ, எனக்கு ஒரு ஆள் கூலி மிச்சம்" என்றார் மச்சான். அவர் கணக்குத்தான் உண்மையில் சீக்கிரம் பலித்தது.

லித்தியம் வாங்கும்போது கவனிக்க வேண்டியது கொஞ்சம் அதிகம். எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் 100 ஏ.ஹெச். என்று லேபிள் ஒட்டிய பேட்டரியைக் காட்டினார்கள். தராசில் வைக்கச் சொன்னேன்: ஆறரை கிலோ. பாஸ்பேட் வகையில் 100 ஏ.ஹெச். செல் ஒன்று சுமார் இரண்டு கிலோ வரும். நான்கு செல் போட்டால் செல்லே எட்டு கிலோ. பெட்டி, வயர், பி.எம்.எஸ். (பேட்டரியைக் காக்கிற, அளவு மீறினால் கரண்டை நிறுத்துகிற எலெக்ட்ரானிக் பலகை) எல்லாம் சேர்ந்து ஆறரைக்கு எப்படி வரும்? வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

இன்னொரு சோதனை சார்ஜரில் இருக்கிறது. கூடக் கொடுக்கிற சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். 14.6 வோல்ட் என்று இருந்தால் நான்கு செல் பாஸ்பேட். 12.6 என்று இருந்தால் அது மூன்று செல் என்.எம்.சி. (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த இன்னொரு லித்தியம் வகை). அதையும் "12 வோல்ட் லித்தியம்" என்றுதான் விற்பார்கள். அது முழு சார்ஜில் 12.6-ல் தொடங்கி, வடிய வடிய ஒன்பது பக்கம் இறங்கும். மோட்டார் பாதி வழியிலேயே சோர்ந்துவிடும். சூடு தாங்குவதிலும் பாஸ்பேட்தான் மேல். வெயிலில் நிற்கிற படகுக்கு என்.எம்.சி. வேண்டாம் என்பது என் கருத்து.

மூன்றாவது, பி.எம்.எஸ். எவ்வளவு ஆம்பியர் தாங்கும் என்று கேளுங்கள். 55 பவுண்டு மோட்டார் முழு வேகத்தில் 50 ஆம்பியர் வரை போகும். எங்கள் ஏரியில் ஆகாயத்தாமரை உண்டு. அதன் வேர் புரொப்பெல்லரில் சுற்றினால் 25-ல் ஓடிக்கொண்டிருந்த முள் 35, 40 என்று ஏறுவதை மீட்டரிலேயே பார்க்கலாம். சத்தமும் மாறும், ஒரு மாதிரி கரகரப்பு. அந்த நேரத்தில் முழு வேகத்தில் ஓட்டினால் 50 ஆம்பியர் பி.எம்.எஸ். கட் ஆகிவிடலாம். எங்களுடையது 100. இதுவரை அந்தக் காரணத்துக்காக நின்றதில்லை.

குறை இல்லாமல் இல்லை. ஆசிட் பேட்டரி தீரும்போது படகு மெதுவாகும், வீடு திரும்பு என்று அதுவே சொல்லிவிடும். லித்தியம் கடைசி நிமிஷம் வரை அதே வேகத்தில் ஓடிவிட்டுச் சட்டென்று நின்றுவிடும். ஒருமுறை நட்ட நடு ஏரியில், காற்று எதிரே அடிக்க, அப்படி நின்றது. துடுப்பு இருந்ததால் பிழைத்தோம். வோல்ட்மீட்டர் இதற்கு உதவாது. ஆசிட் பேட்டரியைக் கொஞ்ச நேரம் ஓய்வில் விட்டு 12.2 வோல்ட் காட்டினால் பாதி என்று தெரியும். பாஸ்பேட் 13.2 காட்டும்போது பாதிக்கு மேல் இருக்கலாம், அவ்வளவுதான் சொல்ல முடியும். ஷண்ட் (கரண்டை அளக்க வயரில் இடையே மாட்டுகிற துண்டு) வைத்த மீட்டர் ஒன்று போட்டோம். போன, வந்த ஆம்பியரை எண்ணி மீதி சதவீதத்தைக் காட்டும். 30-க்குக் கீழே போனால் கரைக்குத் திருப்ப வேண்டும் என்பது எங்கள் படகின் சட்டம்.

வயரில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. எங்கள் பேட்டரி படகின் முன்பக்கம், மோட்டார் பின்பக்கம். போக வர ஆறு மீட்டர் வயர். வீட்டு வயரிங்குக்குப் போடுகிற 4 சதுர மில்லிமீட்டர் வயர் என்றால் 40 ஆம்பியரில் ஒரு வோல்ட் வயரிலேயே போய்விடும். 16 போட்டால் கால் வோல்ட். பேட்டரி பக்கத்திலேயே 60 ஆம்பியர் டி.சி. பிரேக்கர். வீட்டில் போடுகிற ஏ.சி. எம்.சி.பி.யை இதில் மாட்டக் கூடாது. டி.சி. பொறி தானாக அணையாது.

பழைய இன்வர்ட்டரில் லித்தியத்தைச் சார்ஜ் போடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். ட்யூபுலருக்கான சில சார்ஜர்கள் 15 வோல்ட்டுக்கு மேல் ஏற்றும். வேண்டாம், 14.6-க்கான சார்ஜரையே வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் படகைக் கட்டிப் போட்டால் பாதிச் சார்ஜில் நிழலில் வைக்கிறோம். தகரக் கொட்டகையில் வைப்பதில்லை.

விலை? நாங்கள் வாங்கியபோது லித்தியம் ட்யூபுலரைப்போல் இரண்டு மடங்கு. 2025 செப்டம்பரில் ஆசிட் பேட்டரிக்கும் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. லித்தியத்துக்கு முன்பே 18தான். பழைய ஆசிட் பேட்டரியைக் கொடுத்தால் கடையில் கழித்துக்கொள்வார்கள், லித்தியத்துக்கு அந்தப் பேச்சு அவ்வளவாக இல்லை. ஆனால் பாஸ்பேட் இரண்டாயிரம் சார்ஜுக்கு மேல் தாங்கும், ட்யூபுலரை அதுபோல் ஆழமாக வடித்து ஓட்டினால் அந்த எண்ணை எட்டாது. தினமும் ஓடுகிற படகுக்கு லித்தியம்தான் மலிவு. மாதத்தில் ஒருநாள் தூண்டில் போடப் போகிறவருக்கு, அதுவும் வண்டி தண்ணீர் ஓரம் வரை போகும் என்றால், ட்யூபுலரே போதும், பணத்தை மிச்சம் பிடிக்கலாம். காற்றடைக்கிற படகோ கயாக்கோ வைத்து, 30 பவுண்டு மோட்டார் மாட்டுகிறவர்கள் 100-க்குப் போகவே வேண்டாம். முழு வேகத்திலேயே 30 ஆம்பியர் பக்கம்தான் எடுக்கும், 50 ஆம்பியர் பி.எம்.எஸ். உள்ள 50 ஏ.ஹெச். பாஸ்பேட் போதும்.