பெல்ட் எப்போது வரும்? ஸெட்ஸ், காவ், ப்ளேசர்: மூன்று முதல் அத்தியாயங்கள்

ஜப்பானியச் சூப்பர் ஹீரோ தொடர் ஒன்றின் முதல் அத்தியாயத்துக்கு எப்போதும் இரண்டு எசமானர்கள் உண்டு. கதை கேட்க வந்து அமர்ந்திருக்கும் பார்வையாளர் ஒருவர். தொடரோடு சேர்ந்தே கடைக்கு வரும் உருமாற்ற பெல்ட்டை விற்றாக வேண்டிய பொம்மை நிறுவனம் மற்றொருவர். அரை மணி நேரத்துக்குள் நாயகன் யார், அவன் வாழும் உலகம் எது, எதிரி எங்கிருந்து வருகிறான் என்பதையெல்லாம் சொல்லி முடிப்பதோடு, பெல்ட் ஒளிர்ந்து ஒலிக்கும் அந்தச் சில நொடிகளைச் சிறுவர்களின் மனத்தில் பதியவும் வைக்க வேண்டும். இந்தச் சுமையை ஓர் அத்தியாயம் எப்படித் தூக்குகிறது என்பதை வைத்தே அதன் தரத்தை அளப்பது என் வழக்கம். 2025 செப்டம்பர் 7 அன்று டிவி அசாஹியில் ஞாயிறு காலை ஒன்பது மணிக்குத் தொடங்கிய, முகமூடி வீரர்களைப் பற்றிய கமென் ரைடர் வரிசையின் ‘கமென் ரைடர் ஸெட்ஸ்’ தொடரை அப்படி அளந்து பார்க்க, அதே ஒளிபரப்பு நேரத்தில் 2024 செப்டம்பர் 1 அன்று தொடங்கிய ‘கமென் ரைடர் காவ்’ தொடரையும், 2023 ஜூலை 8 அன்று டிவி டோக்கியோவில் தொடங்கிய ‘அல்ட்ராமேன் ப்ளேசர்’ தொடரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். பின்னது, மாபெரும் உருவெடுத்து அரக்கர்களோடு மோதும் நாயகர்களைக் கொண்ட, வேறு நிறுவனத்தின் வேறு மரபு என்றாலும், கடைத்தெருவின் நெருக்கடி இரண்டு மரபுகளுக்கும் பொதுவானதுதான்.

புதியவனிலிருந்தே தொடங்கலாம். ஸெட்ஸின் நாயகன் யொரொஸு பாகு, விழித்திருக்கும்போது தொட்டதெல்லாம் விபத்தில் முடியும் துரதிர்ஷ்டசாலி. உறங்கும்போதோ தான் காண்பது கனவு என்று தெரிந்தே கனவு காணவும், அதைத் தன் விருப்பப்படி நடத்தவும் வல்லவன் என்பதால், கனவுக்குள் யாராலும் வெல்ல முடியாத உளவாளி. பாகு என்ற பெயர் நம் காதுக்குச் சர்க்கரைப் பாகை நினைவூட்டலாம். ஜப்பானியருக்கு அது கெட்ட கனவுகளைத் தின்னும் ஒரு புராண விலங்கின் பெயர். (இனிப்பு நாயகன் முந்தைய ஆண்டே வந்து போய்விட்டான், அவனிடம் பிறகு வருவோம்.) மனிதர்களின் கெட்ட கனவுகளில் அரக்கர்கள் உருவாகிறார்கள், ஸீரோ என்ற குரல் ஆணையிடுகிறது, ‘குறியீட்டு எண் ஏழு’ என்ற பட்டத்தோடு பாகு களத்தில் இறங்குகிறான். 2019இல் தொடங்கிய ரெய்வா என்னும் ஜப்பானியப் பேரரசர் காலத்தின் ஏழாவது ரைடர் தொடர் என்பதால் அந்த ஏழுக்கு இன்னொரு பொருளும் இருக்கிறது.

எழுத்தாளர் தகாஹாஷி யூயா, ‘எக்ஸ்-எய்ட்’, ‘ஸீரோ-ஒன்’, ‘கீட்ஸ்’ ஆகிய ரைடர் தொடர்களை எழுதியவர். விதிமுறைகள் கொண்ட ஓர் ஆட்டத்தை அமைத்துவிட்டு, அதற்குள் மனிதர்களை ஓட விடுவது அவருடைய பலம். அந்தப் பலமே இந்த முதல் அத்தியாயத்தின் பலவீனமாகவும் ஆகிவிட்டது என்பது என் எண்ணம். கனவின் விதி, உளவு அமைப்பின் விதி, உருமாற்றத்துக்கான கேப்செம் என்னும் கேப்ஸ்யூல் வடிவக் கருவியின் விதி, விளங்காத வழக்குகளைத் துருவும் காவல் பிரிவு என ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுவதால், பாகு என்ற இளைஞனின் முகம் மனத்தில் நிற்பதற்கு முன்பே அவன் முகமூடி வந்துவிடுகிறது. காட்சியழகில் குறையில்லை. பெல்ட்டை இடுப்பில் கட்டாமல் மார்புக்குக் குறுக்கே அணியும் வடிவம், ஐம்பது ஆண்டுகளைக் கடந்த ஒரு மரபில் துணிச்சலானது. கனவுக் காட்சிகளுக்குத் தரப்பட்டுள்ள திரைப்பட உளவாளியின் மிடுக்கும் பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் அந்த மார்புப் பட்டை பாகுவுக்கு ஏன் தேவை என்ற கேள்விக்கு, அது அவனுக்குக் கொடுக்கப்பட்டது என்பதைத் தவிர வேறு விடை முதல் வாரத்தில் இல்லை.

காவ் இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. ஷோமா என்ற இளைஞனுக்குப் பெல்ட்டை யாரும் கொடுக்கவில்லை. அவன் வயிற்றிலேயே இன்னொரு வாயாக அது பிறவியிலிருந்து இருக்கிறது. கிரனூட் என்ற வேற்றுலக இனத்தவருக்கும் மனிதப் பெண்ணுக்கும் பிறந்தவன் அவன். அவனுடைய தந்தைவழிக் குடும்பம் நடத்தும் ஸ்டமக் நிறுவனம் மனிதர்களைக் கடத்தி, அவர்களை மூலப்பொருளாக்கி, உண்டவரை அடிமையாக்கும் ‘இருள் இனிப்பு’களைத் தயாரிக்கிறது. மனிதன் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கும்போது பிடிபடுகிறானோ அவ்வளவு சுவை கூடும் என்பது அந்த வியாபாரத்தின் கொடூரமான கணக்கு. அங்கிருந்து தப்பி மனித உலகின் கடற்கரையில் பசியோடு ஒதுங்கும் ஷோமாவுக்கு ஒரு சிறுவன் தின்பண்டம் தருகிறான். வாழ்நாளில் முதன்முறையாக கம்மி என்னும் ஜவ்வு மிட்டாயைச் சுவைக்கும் அந்த நொடியில் நடிகர் சினென் ஹிதேகஸுவின் கண்கள் விரிவதைக் காட்ட இயக்குநர் சுகிஹாரா தெருஆகி அவசரப்படாமல் நேரம் ஒதுக்குகிறார். அவன் உண்ட இனிப்பிலிருந்துதான் கோச்சிஸோ என்னும் குட்டி உயிர்கள் அவன் வயிற்றில் பிறக்கின்றன. அவற்றில் ஒன்றை அந்த வயிற்று வாய்க்குள் வைத்துத்தான் அவன் உருமாறுகிறான்.

இந்த ஏற்பாட்டின் நுட்பத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். கடையில் விற்கப்போகும் பொருள்கள் இரண்டு: பெல்ட், அதற்குள் செருகும் சிறு பொம்மைகள். எழுத்தாளர் கோமுரா ஜுன்கோ முதலாவதை நாயகனின் வெட்கமாகவும் இரண்டாவதை அவனுக்குக் கிடைத்த அன்பின் விளைவாகவும் மாற்றிவிட்டார். வயிற்றில் இருப்பதை மற்றவர் பார்த்தால் தன்னை அரக்கன் என்பார்கள் என்று அஞ்சி மறைக்க வேண்டியவன், தனக்குச் சோறிட்ட குடும்பத்தின் மீதே எதிரி கை வைக்கும்போது அதைத் திறந்து காட்டியாக வேண்டிய நிலைக்கு வருகிறான். ஆகவே பெல்ட் ஒலிக்கும் காட்சி விளம்பரமாகத் தோன்றுவதில்லை. ஒருவன் தன் இரகசியத்தை விட்டுக்கொடுக்கும் காட்சியாகவே தோன்றுகிறது. சண்டையில் கம்மியாலான அவனுடைய கவசம் அடிபட்ட இடத்தில் பிய்ந்து விழுந்து, அதிர்ச்சியைத் தாங்கி, மறுபடி உருவாகிறது. மென்மையான பொருளே கேடயம் ஆகலாம் என்பதை யாரும் வாய்திறந்து விளக்காமல், பார்த்தே புரிந்துகொள்ளும்படி அமைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்தது.

ப்ளேசர் இந்தச் சிக்கலை முற்றிலும் எதிர்த்திசையில் அணுகியது. ‘முதல் அலை’ என்று பெயரிடப்பட்ட அந்த அத்தியாயம், டோக்கியோவின் இக்கெபுக்குரோ பகுதியில் ஓர் இரவு நடக்கும் இராணுவ நடவடிக்கையின் நடுவிலேயே தொடங்குகிறது. பஸாங்கா என்ற விண்வெளி அரக்கன் ஏற்கனவே நகரை உடைத்துக்கொண்டிருக்க, வீரர்கள் இறங்குகிறார்கள், வானொலியில் ஆணைகள் பறக்கின்றன, யார் யார் என்று நமக்குச் சொல்ல எவருக்கும் நேரமில்லை. நாயகன் ஹிருமா கெந்தோ முப்பது வயதுப் படைத்தலைவன். அணியில் புதிதாகச் சேரும் துடிப்பான இளைஞனை எதிர்பார்த்தவர்களுக்கு அதுவே ஒரு வியப்பு. ஆபத்தான வேலை என்றால் பிறரை அனுப்பாமல் ‘நான் போகிறேன்’ என்று கிளம்பிவிடும் அந்த ஒற்றை வாக்கியத்தில் அவன் குணம் முழுதும் வந்துவிடுகிறது. உருமாற்றத்துக்கான கைக்கட்டுக் கருவி திடீரென்று தோன்றும்போது அவனுக்கே அது என்னவென்று விளங்கவில்லை; இயக்குநர் தகுச்சி கியோதாக்கா நமக்கும் விளக்கவில்லை. உருமாறிய பிறகு வரும் ப்ளேசரோ, கம்பீரமாக நின்று போர் புரியும் வழக்கமான அல்ட்ராமேனாக இல்லாமல், சடங்கு செய்யும் வேட்டைக்காரனைப்போல் கூவி, குதித்து, இறுதியில் ஒளியாலான ஈட்டியை எறிகிறது. ப்ளேசரின் உடைக்குள் இருந்து நடித்த இவாதா ஹிதேயோஷியின் உடல்மொழி இல்லையென்றால் அந்தக் காட்சி நகைப்புக்கு இடமாகியிருக்கும். அடுத்த அலைகள் எவை என்பதை அந்தத் தொடர் பல வாரங்களுக்குப் பிறகே அவிழ்த்தது.

துணிச்சலுக்கு மதிப்பெண் இடுவதென்றால் ப்ளேசருக்கே முதலிடம். ஆயினும் அந்தத் துணிச்சலுக்கு ஒரு விலை உண்டு: அத்தியாயம் முடியும்போது நாம் ஓர் இரவை அனுபவித்திருக்கிறோமே தவிர, கெந்தோவுக்கு யார் இருக்கிறார்கள், அவன் எதை இழக்க அஞ்சுகிறான் என்பது தெரிவதில்லை. ஐந்து வயதுப் பிள்ளையோடு அமர்ந்து பார்ப்பவர் இருளிலும் இராணுவக் குழூஉக்குறிகளிலும் சற்றுத் திணறவே நேரும். பழைய அரக்கப் படங்களில் ஊறியவருக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது.

எதிரி யார் என்ற வகையில் பார்த்தாலும் இடைவெளி தெரிகிறது. பஸாங்கா ஓர் இயற்கைப் பேரிடர் மாதிரி. அதற்கு நோக்கம் தேவையில்லை. கிரனூட்டுகளுக்கு வியாபார நோக்கம் இருக்கிறது, அதுவும் மனிதரின் சிரிப்பையே குறிவைப்பது என்பதால், திரையில் யாராவது மகிழ்ந்தாலே நமக்கு வயிறு கலங்குகிறது. ஸெட்ஸின் அரக்கர்கள் கனவில் பிறப்பவர்கள் என்பதால், எல்லாம் கனவுதானே, விழித்தால் போயிற்று என்ற ஐயம் பார்வையாளருக்கு எழுவது இயல்பு. கனவின் கேடு நிஜத்துக்குள்ளும் கசிகிறது என்று கதை விடை சொல்கிறது என்றாலும், அந்தக் கசிவின் வலியை ஒரு மனிதரின் வாழ்க்கையில் வைத்துக் காட்டாமல் விதியாகவே சொல்லிச் செல்வதால் அச்சம் அறிவுக்கு எட்டுகிறதே ஒழிய, உடம்புக்கு எட்டவில்லை.

2025 பிப்ரவரி 16 அன்று தொடங்கிய ‘நம்பர் ஒன் செந்தாய் கோஜூஜர்’ தொடரையும் ஏன் சேர்க்கவில்லை என்று சிலர் கேட்கலாம். வண்ண உடை அணிந்த வீரர் அணிகளைக் கொண்ட சூப்பர் செந்தாய் வரிசையின் ஐம்பதாம் ஆண்டைக் கொண்டாடும் அதன் உருமாற்ற மோதிரங்கள் ஒவ்வொன்றும் பழைய அணிகளின் நினைவுகளைச் சுமப்பவை. அந்த வரலாறு தெரியாதவருக்கும் தெரிந்தவருக்கும் அது இரு வேறு அத்தியாயங்கள் என்பதால் இந்தத் தராசில் ஏற்ற முடியவில்லை.

இதுவரை இவ்வகைத் தொடர் எதையும் பார்க்காதவர் எதில் தொடங்குவது என்று கேட்டால், தயங்காமல் காவ் என்பேன். ஸெட்ஸை ஒதுக்கிவிட வேண்டும் என்பதில்லை. தகாஹாஷியின் தொடர்கள் பெரும்பாலும் விதிகளை விளக்கி முடித்து அவற்றை மீறத் தொடங்கும்போதுதான் சூடு பிடிப்பவை. ‘எக்ஸ்-எய்ட்’ தொடக்கத்தில் வெறும் வண்ணக் கோலமாகத் தோன்றி, பிற்பகுதியில் எப்படி இறுகியது என்பதைக் கண்டவர்கள் பொறுமை காட்டுவார்கள். என்னைப் பொறுத்தவரை, ஸெட்ஸின் இரண்டாம் வாரத்துக்காக நான் காத்திருந்தது பாகுவுக்கு என்ன ஆகுமோ என்ற கவலையால் அல்ல, ஆணையிடும் அந்தக் குரலுக்கு உரியவர் யார் என்று அறியும் ஆவலால்தான். காவின் இரண்டாம் வாரத்துக்கோ, ஷோமா அடுத்து எதைத் தின்னப்போகிறான் என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.