உறையில் ஒரு பெயர், உள்ளே வேறொருவர்

திருச்சியில் அக்கா மகனுக்கு எடுத்த ஆஞ்சியோ, அதாவது இதயக் குழாய்களின் ஓடும் படம் இருந்த சிடியைச் சென்னை டாக்டர் கணினியில் போட்டுப் பத்து விநாடிதான் பார்த்திருப்பார். "பையனுக்கு வயசு இருபத்துநாலுன்னு சொன்னீங்க. இவருக்கு ஏற்கெனவே பைபாஸ் பண்ணி நெஞ்செலும்பைக் கம்பி போட்டுக் கட்டியிருக்காங்களே?" என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். அக்கா மகன் சட்டையைத் தூக்கித் தழும்பில்லாத நெஞ்சைக் காட்டினான். சிடி உறையில் மார்க்கர் பேனாவால் அவன் பெயர் தெளிவாக எழுதியிருந்தது. உள்ளே இருந்தது யாரோ ஒரு பெரியவரின் இதயம்.

நான் யோகோஹாமாவில் இருந்து மூன்று வார விடுப்பில் வந்திருந்தேன். அதில் மூன்று நாள் இந்த சிடிக்கே போனது. மற்றதெல்லாம் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

சிடி இல்லாமல் ஏன் நகர முடியாது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அவனுக்கு வந்தது கொழுப்பு படிந்த அடைப்பு அல்ல. மூன்று வயதில் வந்த காவாசாகி நோய் விட்டுப்போன வடு. அந்தக் காய்ச்சலில் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் சுவர் அழன்று, குழாய் பலூன் மாதிரி உப்பிவிடும். பிறகு உப்பலின் வாயில் தழும்பு தடித்துச் சுருங்கும். வருடங்கள் போகப் போக அதில் சுண்ணாம்பு ஏறிக் கல்லாகிவிடும். வெறும் பலூனை விட்டு விரித்தால் அது அசையாது. அழுத்தத்தைக் கூட்டினால் பக்கத்தில் புதிதாக உப்பல் கிளம்பும் அபாயம் உண்டு. அதனால் உப்பல் எத்தனை மில்லிமீட்டர், சுண்ணாம்பு எந்தப் பக்கம் என்று ஓடும் படத்தில் பார்த்துத்தான் ரத்தக் குழாய் வழியே மெல்லிய குழலை விட்டுச் சரிசெய்யும் கேத்தீட்டரா, நெஞ்சைத் திறக்கும் பைபாஸா என்று முடிவு செய்ய முடியும். திருச்சியில் கொடுத்த ரிப்போர்ட்டிலோ "80 சதவீத அடைப்பு" என்று ஒரே வரி.

ஜப்பானில் இந்த நோயைத் தெரியாத தாய்மார் அபூர்வம். டாக்டர் தொமிசாகு காவாசாகி 1961-இல் முதல் குழந்தையைப் பார்த்து, 1967-இல் ஐம்பது குழந்தைகளைப் பற்றி எழுதிய நாடு அது. ஐந்து நாள் காய்ச்சலோடு கண் சிவந்து, உதடு வெடித்து, நாக்கு ஸ்ட்ராபெரி மாதிரி ஆனால் பக்கத்து வீட்டு அம்மாவே பெயரைச் சொல்லிவிடுவார். பத்து நாளுக்குள் எடைக்குக் கிலோவுக்கு 2 கிராம் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத மருந்தை ஏற்றிவிடுவார்கள். ஏற்றாவிட்டால் நான்கு குழந்தைகளில் ஒன்றுக்குக் குழாய் பாதிக்கப்படும். எங்கள் வீட்டில் அன்று அம்மை என்று நினைத்து வேப்பிலை வைத்தோம். விரல் நுனித் தோல் உரிந்தபோது, இறங்கிவிட்டது என்று சமயபுரத்தில் மாவிளக்குப் போட்டோம். அக்காவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அன்று எனக்கும் தெரியாது.

ஆனால் அவள் ஒன்று செய்திருந்தாள். அந்தக் காய்ச்சலின் சீட்டுகளை ஒரு மஞ்சப்பையில் போட்டு இருபத்தொரு வருடம் பீரோவில் வைத்திருந்தாள். அதில் மங்கிப்போன ரத்தப் பரிசோதனைத் தாள்: மூன்றாவது வாரம், பிளேட்லெட் 8 லட்சம். காவாசாகியில் அந்த வாரத்தில் ஏறுவது போலவே ஏறியிருந்தது. சென்னை டாக்டர் அதை இரண்டு முறை படித்தார். "இந்தப் பேப்பரை எடுத்து வெச்சதுக்கு உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்மா" என்றார். அக்கா அங்கேயே அழுதுவிட்டாள்.

அன்று இரவே மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் நான் மட்டும் திருச்சிக்குத் திரும்பினேன். ஆஞ்சியோ எடுத்த ஆஸ்பத்திரியில் நடந்த வரிசை உங்களுக்குத் தெரிந்ததுதான்: செக்யூரிட்டி, டோக்கன், பில்லிங், மறுபடி டோக்கன். ரெக்கார்ட் ரூமில் "பேஷண்ட் வரணும் சார்" என்றார்கள். வீடியோ காலில் அவனைக் காட்டினேன். "பழைய படம் எல்லாம் சர்வர்ல இருக்காது சார், பதினஞ்சு நாள்தான்" என்றார்கள். யோகோஹாமாவில் முழங்கால் எம்ஆர்ஐ படத்தை வாங்கப் போனபோது கவுண்டரில் இருந்த பெண் என் பெயரையும் பிறந்த தேதியையும் என்னையே படிக்க வைத்து, சரிதானா என்று கேட்டுத்தான் கையில் கொடுத்தாள். அதற்கு அரை நிமிஷம் ஆகியிருக்குமா? அந்த அரை நிமிஷத்தை நினைத்து நினைத்து எனக்கு ஆற்றாமையாக இருந்தது. உள்ளே இருந்தது ஒரு பிள்ளையின் உயிர் அல்லவா.

இரண்டாம் நாள் மாலைதான் எனக்கு உறைத்தது. பெரியவரின் சிடி எங்களிடம் என்றால், எங்களுடையது அவரிடம்தானே இருக்கும்? நம்பரைத் தர மாட்டோம் என்றார்கள். அது நியாயம்தான். ஆனால் அங்கே இருந்த ஒரு அட்டெண்டர் அம்மா, "நானே பேசறேன், உக்காருங்க தம்பி" என்று ரிஜிஸ்டரைப் புரட்டிப் போன் போட்டார். ஷிப்ட் முடிந்தும் அவர் கிளம்பவில்லை. அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

மறுநாள் காலை மணப்பாறையில் இருந்து பஸ் ஏறிப் பெரியவரே வந்துவிட்டார். கூட யாரும் இல்லை. துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தார். கவுண்டர் கணினியில் இரண்டையும் போட்டுப் பார்த்து மாற்றிக்கொண்டோம். எங்கள் பையனின் படத்தில் உப்பலும் அதன் வாயில் வெள்ளையாக ஒரு வளையமும் தெரிந்தன.

சென்னையில் அடுத்த வாரம் ரோட்டா செய்தார்கள். வைரத் துகள் பதித்த சிறு முனை நிமிஷத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுழன்று சுண்ணாம்பைச் சுரண்டும். குழாய்க்குள்ளேயே அல்ட்ராசவுண்ட் விட்டு அளந்து, ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தான். "மாமா, படி ஏறினா நெஞ்சு பிடிக்கலை" என்றான்.

ஆனால் நான் திரும்ப விமானம் ஏறியபோதும் மனதில் நின்றது அந்தப் பெரியவர்தான். சிடியைக் கையில் வாங்கிக்கொண்டு அவர் கேட்டார்: "தம்பி, என் படத்தைச் சென்னை டாக்டர் பாத்தாருன்னீங்களே. ஏதாச்சும் சொன்னாரா?"

கம்பியைப் பற்றிச் சொன்னதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. அதைத்தான் சொன்னேன். உங்கள் டாக்டரிடம் இந்த சிடியைக் கட்டாயம் போட்டுக் காட்டுங்கள் ஐயா என்றேன். அடுத்த மாசம்தான் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். அட்டெண்டர் அம்மா அவர் கையைப் பிடித்து, இன்றைக்கே ஓபி டோக்கன் போட்டுத் தருகிறேன் என்று கூட்டிக்கொண்டு போனார்.