பெட்டி தொலைந்ததா? கிலோக் கணக்கு சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள்

துபாய், சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கோ சென்னைக்கோ வந்து இறங்குகிறவர்கள் திரும்பத் திரும்ப ஏமாறும் இடம் இது. பெல்ட்டில் பெட்டி வராது. மூன்று வாரம் “தேடிக்கொண்டிருக்கிறோம்” என்பார்கள். பிறகு ஒரு மின்னஞ்சல் வரும்: பெட்டி 23 கிலோ, கிலோவுக்கு 20 டாலர், ஆக 460 டாலர், படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்புங்கள். வந்தவரை போதும் என்று பலரும் அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் படிவத்தில் “இதுவே முழுத் தீர்வு, மேற்கொண்டு உரிமை கோரமாட்டேன்” என்று ஒரு வரி இருக்கும். அதன் பிறகு வாதாடுவது வெகு கஷ்டம்.

கிலோக் கணக்கு, சர்வதேச விமானப் பயணத்துக்கான பழைய வார்சா ஒப்பந்த காலத்தது. இந்தியா 2009இலேயே மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்கு வந்துவிட்டது. வளைகுடா நாடுகளும் சிங்கப்பூரும் மலேசியாவும் அதில் இருக்கின்றன. அதில் எடைக்கு வேலையே இல்லை, தலைக்கு இவ்வளவு என்பதுதான். 2024 டிசம்பர் 28 முதல் உச்சவரம்பு 1,519 எஸ்.டி.ஆர். இது சர்வதேச நாணய நிதியத்தின் (ஐ.எம்.எஃப்.) கணக்கு அலகு. தோராயமாக 2,000 டாலர் வரும். டிக்கெட் நிபந்தனையில் இதைவிடக் குறைத்து எழுதியிருந்தால் அந்த வரி செல்லாது என்கிறது 26ஆம் பிரிவு. பதில் கடிதத்தில் இந்தப் பிரிவு எண்ணைக் குறிப்பிடுங்கள்.

ஆனால் அது உச்சவரம்புதான், கேட்டவுடன் கிடைக்கும் தொகை அல்ல. நஷ்டத்தை நீங்கள்தான் காட்ட வேண்டும். உள்ளே இருந்த ஒவ்வொரு பொருளும், வாங்கிய வருடம், விலை, பில். பில் இல்லையென்றால் கார்டு ஸ்டேட்மென்ட், பொருளின் புகைப்படம். “துணிமணிகள் 40,000 ரூபாய்” என்று ஒரே வரியில் எழுதினால் பாதியை வெட்டிவிடுவார்கள்.

பெட்டி வரவில்லை என்று விமான நிறுவனம் பதிந்து தரும் பி.ஐ.ஆர். (Property Irregularity Report) அறிக்கையை விமான நிலையத்தை விட்டு வெளியே வருமுன் வாங்குங்கள். ஐந்து எழுத்தும் ஐந்து எண்ணுமாக ஒரு குறிப்பு எண் இருக்கும். போர்டிங் பாஸையும் பெட்டியின் டேக் துண்டையும் கொடுத்துவிடாதீர்கள், நகல் போதும். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் இன்னொன்றையும் செய்ய வேண்டும், கவுண்டரில் யாரும் சொல்வதில்லை: பெட்டி வரவில்லை என்று விமான நிறுவனத்திடம் சான்று வாங்கி, சுங்கச் சலுகையில் எவ்வளவு பாக்கி என்று கஸ்டம்ஸ் அதிகாரியிடம் குறித்து மேலொப்பம் வாங்குங்கள். இல்லாவிட்டால் பெட்டி பின்னால் வரும்போது வரி கட்டச் சொல்வார்கள்.

பி.ஐ.ஆர். கொடுத்தாயிற்றே என்று சும்மா இருப்பதில்தான் பலர் கெடுகிறார்கள். அது தேடுவதற்கான அறிக்கை. பணம் கேட்கும் கடிதம் தனி. பெட்டி உடைந்து வந்தால் 7 நாளுக்குள், தாமதமாக வந்தால் கைக்குக் கிடைத்ததிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் புகார் போக வேண்டும். வர வேண்டிய நாளிலிருந்து 21 நாள் தாண்டியும் வராவிட்டால் தொலைந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். “இன்னும் தேடுகிறோம்” என்ற பதில் அதற்குமேல் எடுபடாது. இடையில் வாங்கிய மாற்றுத்துணி, சோப்பு, மருந்து பில்களையும் சேர்த்துக் கேளுங்கள்.

இரண்டு விமானம் மாறி வந்திருந்தால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். முதல் நிறுவனம், கடைசி நிறுவனம், பெட்டியைத் தொலைத்த நிறுவனம், யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம் (மாண்ட்ரியல் ஒப்பந்தம், 36ஆம் பிரிவு). உள்நாட்டுப் பயணத்துக்கு வரம்பு வெறும் 20,000 ரூபாய்தான்.

விமானம் தாமதமானால் ஐரோப்பாவில் போல 250 முதல் 600 யூரோ கிடைக்கும் என்று இங்கே எதிர்பார்க்காதீர்கள். இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டி.ஜி.சி.ஏ.) விதியில் வெறும் தாமதத்துக்கு ரொக்கம் இல்லை. பயண நேரத்தைப் பொறுத்து 2 முதல் 4 மணி நேரம் தாண்டினால் சாப்பாடு. 6 மணி நேரத்துக்கு மேல் என்றால் மாற்று விமானம் அல்லது முழுப்பணம். இரவு 8 முதல் அதிகாலை 3 வரை புறப்பட வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதித்தால் ஓட்டல் அறை. கேட்காதவர்களுக்கு ஒரு சாண்ட்விச்சோடு முடித்துவிடுவார்கள்.

நிறுவனம் மழுப்பினால் அரசின் விமானப் பயணிகள் புகார் தளமான ஏர்சேவாவில் புகார் பதியுங்கள், நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் உங்கள் ஊர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். டிக்கெட்டுக்குக் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். விமானம் வந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் வழக்கு பதிவாக வேண்டும். மின்னஞ்சல் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது என்பதற்காக அந்தக் கெடு நீளாது.