கடல் தாண்டும் பொட்டலம்: ராமநாதபுரச் சரக்கில் எது தேறும், எது தேறாது

ஜூலை பிறந்துவிட்டால் ராமநாதபுரம் அரண்மனைப் பக்கத்து மளிகைக் கடைகளிலும் பாம்பன், மண்டபம் சாலையோரக் கருவாட்டுக் கடைகளிலும் ஒரே கேள்விதான். "பையன் லண்டன் போறான், என்னென்ன கட்டலாம்?" கடைக்காரர் எல்லாவற்றையும் கட்டலாம் என்பார். பெட்டிக்கு 23 கிலோ என்று விமான நிறுவனம் வரம்பு வைத்திருப்பது அவர் கவலை இல்லை. செப்டம்பர் சேர்க்கைக்குப் போகிற மாணவருக்குக் கம்பளி உடுப்பு, செருப்பு, புத்தகம் போக, சாப்பாட்டுச் சாமானுக்கு மிஞ்சுவது 7, 8 கிலோ. அதில் எந்தச் சரக்குக்கு இடம் கொடுக்கலாம் என்பதுதான் இந்த மதிப்பீடு.

முதலில் விட்டுவிட வேண்டியவை. அரிசி, பருப்பு, புளி, அப்பளம் எதுவும் வேண்டாம். லண்டனில் ஈஸ்ட் ஹாம், டூட்டிங், டொராண்டோவில் ஸ்கார்பரோ, பாரிஸில் லா ஷப்பேல் எனத் தமிழர் புழங்கும் இடங்களில் ஈழத்தமிழர் கடைகள் இருக்கின்றன. தலைமன்னார்ப் பக்கத்துக் கடலுக்கும் நம் கடலுக்கும் அதிக தூரம் இல்லை. அதனால் பனங்கிழங்கைக் காயவைத்துத் திரித்த ஒடியல் மாவு, மாசிக் கருவாடு, நெத்திலி என்று நம் ஊர்க் கடையில் இருப்பதில் பாதி அங்கேயே கிடைக்கும். ஆனால் அங்கே கிடைக்கும் தூள் வறுத்துத் திரித்த யாழ்ப்பாணத் தூள். அது தனி ருசி. நம் குழம்பு அதில் வராது. கிலோ கணக்குப் பார்த்துப் பெட்டியை நிரப்புகிறவர்களுக்கு, குண்டு வத்தல் போட்டுத் திரித்த குழம்புப் பொடிதான் முதல் சாமான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் பெருத்ததும் எந்த உருண்டை மிளகாயையும் அந்தப் பெயரில் விற்கும் கடைகளும் பெருத்துவிட்டன. பரமக்குடி, முதுகுளத்தூர், கமுதி, கடலாடிப் பக்கம் மானாவாரியில் விளைவது இது. தோல் தடிமன், நிறம் கருஞ்சிவப்பு, நீளமான சம்பா வத்தலைவிட உறைப்பு மட்டு, மணம் கூடுதல். நன்றாகக் காய்ந்ததைக் காதருகே ஆட்டினால் விதை கலகலவென்று உருளும். சத்தம் வராவிட்டால் உள்ளே ஈரம் இருக்கிறது. ஒன்றை உடைத்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. விதை மஞ்சளாக இருந்தால் இந்த ஆண்டுச் சரக்கு. பழுப்பேறியிருந்தால் பழசு. உட்தோலில் சாம்பல் பூத்திருந்தால் பூஞ்சை, அதைப் பொடியாக்கினாலும் போகாது. ஈரத்தோடு தரையில் கொட்டிக் காயவைத்த சரக்கில்தான் இந்தப் பூஞ்சை அதிகம். தார்ப்பாயிலோ களத்திலோ காய்ந்ததா என்று கேட்டு வாங்கினால் தப்பில்லை. வத்தல் வரத்து மாசி, பங்குனி, சித்திரையில். அப்போதே வாங்கிக் காம்போடு வைத்திருப்பது நல்லது. காம்பைக் கிள்ளிவிட்டால் அந்த ஓட்டை வழியே ஈரமும் பூச்சியும் நுழையும். திரிக்கக் கொடுக்கும் அன்று கிள்ளினால் போதும்.

அளவு: வத்தல் 500 கிராம், மல்லி 1 கிலோ, மிளகு 100, சீரகம் 100, வெந்தயம் 50, விரலி மஞ்சள் 50. மொத்தம் 1,800 கிராம். ஒரு ஆள் ஒரு நாளைக்கு 6 கிராம் போட்டுச் சமைத்தால் 300 நாள் வரும், ஏறக்குறைய ஒரு கல்வியாண்டு. இதில் தவறு நடப்பது இரண்டு இடங்களில். குண்டு வத்தலின் தோல் தடிமன் என்பதால் மேலே மொறுமொறுப்பாக இருந்தாலும் உள்ளே ஈரம் தங்கும். இரண்டு முழு நாள் வெயில் காட்டாமல் மில்லுக்குக் கொண்டுபோனால் பொடி கட்டி கட்டியாக விழும். இரண்டாவது, மில்லில் இருந்து பொடி சூடாகத்தான் வரும். அதை அப்படியே கவரில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தால் உள்ளே வியர்த்து, மூன்றாவது மாதம் வாடை அடிக்கும். செய்தித்தாளில் கொட்டாமல் வெள்ளைத் துணியில் பரப்பி இரவு முழுக்க ஆறவிட்டு மறுநாள் கட்ட வேண்டும். 250 கிராம் பொட்டலமாகப் பிரித்துக்கொண்டால் ஒன்றைப் பிரிக்கும்போது மற்றவை காற்றுப் படாமல் இருக்கும். ஆறு மாதம் கடந்தால் நிறமும் மணமும் இறங்கும், ஃப்ரீஸரில் இடம் கிடைத்தால் பிரிக்காத பொட்டலங்களை அங்கே போடலாம்.

தாளிக்க முழு வத்தல் 150 கிராம் போதும். அது எடை குறைவு, இடம் நிறைய. கிலோ கணக்கில் கொண்டுபோவது பெட்டிக்குள் காற்றைக் கட்டிக்கொண்டு போவதுதான். மிளகாய்ப் பொடியைக் கைப்பையில் வைக்க இந்திய விமான நிலையங்களில் அனுமதி இல்லை, செக்-இன் பெட்டிக்குள்தான்.

அடுத்து கருவாடு. இங்கேதான் காசும் மானமும் சேர்ந்து போகும். நெத்திலி தேறும். காரல் பாதி தேறும், முள் அதிகம் என்பதைப் பொறுத்துக்கொள்கிறவர்களுக்கு. வாளை உப்பேறியது, ஊறவைக்கப் பொறுமை வேண்டும். திருக்கையை மட்டும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் எடுக்க வேண்டாம். திருக்கை, சுறா வகைகளின் சதையில் யூரியா இருக்கிறது, காயும்போதும் வைத்திருக்கும்போதும் அது அம்மோனியாவாக மாறும். நம் ஊர் அடுப்படியில் அது திருக்கை வாசம். ஆறு பேர் பகிரும் விடுதிச் சமையலறையில் அது வார்டனுக்குப் போகும் புகார்.

நெத்திலியை வாங்கும்போது ஒன்றை எடுத்து மடக்கினால் படக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் ஈரம். ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் போட்டுக் கலக்கி, தெளிந்ததும் பாத்திரத்தின் அடியைத் தடவிப் பார்த்தால் மணலில் காய்ந்ததா பரணில் வலைமேல் காய்ந்ததா என்பது தெரிந்துவிடும். பரண் சரக்கு விலை கூடத்தான். கொடுக்கலாம், வெளிநாட்டில் ஐந்து தண்ணீர் மாற்றிக் கழுவ யாருக்கும் நேரமில்லை. உப்புக் கருவாட்டில் இளஞ்சிவப்புத் திட்டு தெரிந்தால் உப்பிலேயே வளரும் நுண்ணுயிர் பிடித்திருக்கிறது. தட்டிவிட்டால் போகும் என்று சொல்வார்கள், நம்ப வேண்டாம்.

கருவாட்டுக்குக் காலம் முக்கியம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. தடை முடிந்து வரும் மீன் ஆனி, ஆடி வெயிலிலும் காற்றிலும் நன்றாகக் காயும். ஆகஸ்ட் கடைசியில் விமானம் ஏறுகிறவர்களுக்கு இது சரியாக அமையும். ஜனவரிச் சேர்க்கைக்குப் போகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அரைகுறையாகக் காய்ந்ததை மார்கழியில் வாங்கிக் கட்டினால் போய்ச் சேர்வதற்குள் பூஞ்சை. அவர்கள் மழைக்கு முன்பே வாங்கி ஃப்ரீஸரில் வைத்துக்கொள்ள வேண்டும். முடியாவிட்டால் கருவாட்டை மறந்துவிடலாம்.

வாக்யூம் பேக்கிங் இப்போது பல கடைகளில் செய்து தருகிறார்கள். யோசனை நல்லது, செய்முறைதான் சரியில்லை. காற்றை உறிஞ்சும்போது நெத்திலியின் தலையும் முள்ளும் கவரைக் குத்தும். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை போதும், துபாயில் விமானம் மாறுவதற்குள் பெட்டி முழுக்க மணக்கும். தலையைக் கிள்ளிவிட்டு, வெள்ளைக் காகிதத்தில் சுற்றி, அதன் பிறகு தடித்த கவரில் போட்டுக் காற்றை எடுக்கச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்து ஒரு நாள் விட்டுத் தொட்டுப் பார்க்கலாம். கல் மாதிரி இருந்தால் சரி. தொளதொளத்திருந்தால் திரும்பக் கொண்டுபோய்க் கட்டச் சொல்ல வேண்டும். வாரம் ஒரு தடவை 25 கிராம் என்றால் 500 கிராம் 20 வாரம் ஓடும். அதற்கு மேல் வேண்டாம்.

கவரில் ஆங்கிலத்தில் பொருளின் பெயர், சேர்மானம், கட்டிய தேதி, 14 இலக்க உணவு உரிம எண் அச்சாகியிருக்கும் கடையில் வாங்குவது உத்தமம். பெயரில்லாத பழுப்பு நிறப் பொட்டலத்தைப் பார்த்தால் எந்த ஊர் சுங்க அதிகாரியும் பிரிக்கத்தான் செய்வார். பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் சொந்த உபயோகத்துக்கு உலர் மீன் 20 கிலோ வரை விடுகிறார்கள். இறைச்சியும் பாலும் கூடாது. நெய்யும் பாலில் சேர்த்திதான், பால்கோவாவும் அப்படியே. அம்மா ஆசையாக நெய்யில் வறுத்துத் திரித்த பருப்புப் பொடிக்குப் பதில் நெய் சேராத பொடியைக் கட்டுவது புத்திசாலித்தனம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் சாப்பாட்டுப் பொருள் எது இருந்தாலும் வருகை அறிவிப்பில் 'ஆம்' என்று குறிக்க வேண்டும். குறித்துவிட்டுப் பொருளை இழந்தால் பொருள் மட்டும்தான் போகும். குறிக்காமல் மாட்டினால் நியூசிலாந்தில் அங்கேயே 400 டாலர் அபராதம். சிங்கப்பூர், அமீரகம் போகிறவர்கள் பிரியாணி மசாலா, குருமா மசாலா கவரின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். கசகசா இருந்தால் அங்கே அது போதைப்பொருள் சட்டத்தில் வரும். விதிகள் மாறுகிறவை என்பதால் கிளம்பும் வாரத்தில் அந்தந்த நாட்டு அரசுத் தளத்தை ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

பச்சைக் கறிவேப்பிலைக்கு அமெரிக்காவில் தடை. எலுமிச்சை வகைச் செடிகளைக் கெடுக்கும் பூச்சி அதில் ஒட்டி வரும் என்பது காரணம். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் தாவர நலச் சான்று இல்லாமல் பச்சை இலை எதற்கும் வழியில்லை. நிழலில் காயவைத்துத் திரித்த கறிவேப்பிலைப் பொடி போதும். கொப்பரையும் ஆகாது. எண்ணெய்ச் சத்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று விமானச் சரக்கு விதிகளில் அதற்குத் தனி இடமே இருக்கிறது. ராமேஸ்வரத்தில் பவளப்பாறைத் துண்டைப் பரிசுப்பொருள் என்று யாராவது நீட்டினால் கையாலும் தொட வேண்டாம், வனவிலங்குச் சட்டத்தில் மாட்டிக்கொள்வது படிக்கப் போகிற பிள்ளைதான்.

அடுத்து இனிப்பு, கீழக்கரைத் தொதல். தேங்காய்ப்பால், கருப்பட்டி, அரிசி மாவு மூன்றும் மணிக்கணக்கில் கிண்டப்பட்டு எண்ணெய் கக்கி இறுகியது. பாலும் நெய்யும் சேராத தொதலாகக் கேட்டு வாங்கினால் சுங்கத்தில் வம்பில்லை. இறுக்கமாகக் கிண்டியது என்று கேட்டு வாங்க வேண்டும். குழைவானது ருசிதான், ஆனால் ஒரு வாரத்தில் காறல் வந்துவிடும். இறுகியது இரண்டு வாரம் தாங்கும். குளிர் நாட்டில் இதன்மேல் வெள்ளையாகப் படர்வதைப் பூஞ்சை என்று நினைத்துக் குப்பையில் போடுகிறவர்கள் நிறைய. தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும், அந்த வெள்ளை பெரும்பாலும் உறைந்த எண்ணெய்தான். மைக்ரோவேவில் பத்து விநாடி வைத்தால் உருகிப் பளபளக்கும். உருகாமல் பஞ்சுபோல நின்றால்தான் பூஞ்சை. அரைக் கிலோவுக்கு மேல் வேண்டாம், போன முதல் வாரத்தில் அறைத்தோழர்களைச் சிநேகம் பிடிக்க அது போதும்.

சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி ஒரு கிலோ தாராளமாகத் தேறும். சீனி கலந்தது மேலே மினுங்கும், உடைத்த இடத்தில் மணி மணியாகத் தெரியும். நல்லது மங்கலாக இருக்கும், நம் ஊர் ஈரக் காற்றில் கசியும். ஹீட்டர் ஓடும் வறண்ட அறையில் அந்தக் கசிவும் இல்லை.

பாத்திரம் பற்றிக் கொஞ்சம். விடுதி அடுப்பு இண்டக்ஷன் என்றால் அலுமினியக் குக்கரும் மண் சட்டியும் வேலை செய்யாது. கடையிலேயே பாத்திரத்தின் அடியில் காந்தத்தை ஒட்டிப் பார்க்கலாம். மிக்ஸி பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் பிளக் மாற்றினால் போதும். அமெரிக்கா, கனடாவில் 120 வோல்ட் என்பதால் நம் ஊர் மிக்ஸி சரியாகச் சுற்றாது.

சமைக்கும்போது சிக்கல் புகை எச்சரிக்கை மணி. அதன்மேல் கவரைச் சுற்றி மூடுகிறவர்கள் உண்டு. அது விடுதி ஒழுங்கு நடவடிக்கைக்கு நேர் வழி. மின் அடுப்பு அணைத்த பிறகும் வெகுநேரம் சூடாகவே இருக்கும், அதில்தான் வத்தல் கருகிக் கட்டிடமே இருமுகிறது. எண்ணெய் புகையும் முன்பே கடுகைப் போட்டு, வெடித்ததும் வத்தலைப் போட்டு மூடி, பத்து எண்ணுவதற்குள் வெங்காயத்தைக் கொட்டிச் சட்டியை ஒரு நிமிடம் அடுப்பைவிட்டுத் தூக்க வேண்டும். கருவாட்டைப் பொரிக்கவே வேண்டாம். நெத்திலியை வெந்நீரில் பத்து நிமிடம், வாளையை இரண்டு தண்ணீர் மாற்றி அரை மணி நேரம் ஊறவைத்து, கொதிக்கும் புளிக்குழம்பில் கடைசியாகப் போட்டு மூடியால் மூடி வேகவிட்டால் வாடை பாதிக்கு மேல் அடங்கும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிய கையோடு தொட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவி, முள்ளைக் கவரில் கட்டி அன்றே வெளித்தொட்டியில் போட்டுவிட வேண்டும். மறுநாள் காலை வரை வைத்தால் கதவில் துண்டுச்சீட்டு ஒட்டியிருக்கும்.

பிறகு வேண்டியதைக் கூரியரில் அனுப்பிக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்கள் பெட்டியின் அளவையும் கணக்கில் எடுக்க வேண்டும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வருவதையும் உண்மை எடையையும் ஒப்பிட்டு, எது கூடுதலோ அதற்குத்தான் பெரும்பாலான நிறுவனங்கள் காசு வாங்கும். 40-க்கு 30-க்கு 30 பெட்டியில் மூன்று கிலோ முறுக்கு அனுப்பினால் பில் 7.2 கிலோவுக்கு வரும். அதே பணத்துக்கு ஏழு கிலோ பொடியும் கருப்பட்டியும் போய்ச் சேர்ந்திருக்கும்.